கேட்பவருக்குத் தெரிந்த கதை

கொல்லிமலைக்கு வருகிறவர்களுக்குக் கொல்லிப்பாவையின் கதை கிடைப்பதில் இன்று எந்தச் சிரமமும் இல்லை. மலையில் தவம் செய்த முனிவர்களை அரக்கர்கள் தொல்லைப்படுத்தினார்கள். அவர்களை மயக்கி அழிக்க ஓர் அழகிய பெண்பாவை செய்து நிறுத்தப்பட்டது. அது சிரிக்கும், அசையும், மயங்கிக் கிட்டே வந்தவனைக் கொன்றுவிடும். வாசலூர்பட்டிப் படகுத்துறையில் இறங்கும் சுற்றுலாக் கூட்டத்தில் யாரையாவது கேட்டாலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் சொல்வார்கள். சிக்கல், அதற்கொரு தீர்வு, ஒரு முடிவு என மூன்றும் ஒழுங்காக அமைந்த கதை இது.

நமக்குக் கிடைத்திருக்கும் சங்கப் பாடல்களில் இந்தக் கதை விரித்துச் சொல்லப்படவே இல்லை. நற்றிணையில், குறுந்தொகையில், அகநானூற்றில் கொல்லிப்பாவை வருகிறது. ஒரு பாட்டில் அது பூதம் செய்து வைத்தது. இன்னொன்றில் தெய்வம் எழுதியது. மற்றொன்றில் காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் வடிவு குலையாதது. ஒவ்வொரு முறையும் தலைவிக்கு உவமையாக வந்து, ஓரிரு அடியில் மறைந்துவிடுகிறது. எதற்காகச் செய்தார்கள், அது என்ன செய்தது என்று புலவர் நின்று விளக்குவதில்லை. கேட்கிறவருக்கு அது தெரியும் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறார். அரக்கரும் முனிவரும் வரும் முழுக்கதை பிற்காலத்தில் சேர்ந்ததாக இருக்கலாம், அல்லது பிற்காலத்தில்தான் அதை விரித்துச் சொல்லும் தேவை வந்திருக்கலாம்.

மேற்கத்திய வார்ப்புகளுக்கு வெளியே கதைக் கட்டுமானத்தைக் கற்க விரும்பும் புனைகதை எழுத்தாளருக்கு நான் சொல்ல விரும்புவது இதையொட்டியே. ஒரு மரபின் கதையமைப்பைப் படிக்கும்போது எத்தனை பகுதி, எங்கே திருப்பம் என்று எண்ணத் தொடங்கும் முன், அந்தக் கதையைக் கேட்க உட்கார்ந்தவருக்கு முன்கூட்டியே என்னென்ன தெரியும் என்று பாருங்கள். நம்முடைய பெரும்பாலான கதைவடிவங்களுக்கு அந்த இடத்தில்தான் அடித்தளம் இருக்கிறது.

சிறுகதைப் பட்டறைகளில் கரும்பலகையில் வரையப்படும் முக்கோணம், குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1863-ல் வெளியிட்ட நாடக நுட்ப நூலிலிருந்து வந்தது. அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், பேரழிவு என்று அவர் ஐந்து பகுதிகளைக் கண்டார். கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் ஜெர்மன் நாடகங்களையும் வைத்து அவர் சொன்னதை, பிற்காலத்தவர் எல்லாக் கதைக்கும் சட்டமாக்கினார்கள். திரைக்கதை எழுத வருகிறவர்களின் கையில் சிட் ஃபீல்டின் 1979-ஆம் ஆண்டு நூலும் அதன் மூன்று அங்கக் கணக்கும் இருக்கின்றன. இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத ஒருவரை நாற்காலியில் பிடித்து உட்கார வைப்பதற்கு இவை நன்றாகவே உதவுகின்றன. கட்டுமானம் முழுவதும் அந்தத் தெரியாமையின் மேல் நிற்கிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

இதற்கு மாற்றாக அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது கிஷோதென்கெட்சு. சீனத்து நான்கடிக் கவிதையிலிருந்து பிறந்து கிழக்காசியா முழுவதும் பரவிய முறை: தொடக்கம், தொடர்ச்சி, திருப்பம், இணைப்பு. ஜப்பானின் நான்கு கட்டப் படக்கதைகளுக்கு இதுதான் ஆதாரம். மோதலே இல்லாமலும் கதை நகரும் என்று இது காட்டுவது பெரிய உதவி. ஆனால் மூன்று அறைப் பெட்டியைத் தள்ளிவிட்டு நான்கு அறைப் பெட்டியை வாங்கி வைப்பதோடு கல்வி முடிந்துவிட்டதாக நினைப்பவர்களைப் பார்க்கிறேன். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் மேத்யூ சலெசஸ், 2021-ல் வெளிவந்த தம் நூலில், எழுத்து நுட்பம் என்பதே ஒரு குறிப்பிட்ட வாசகக் கூட்டத்தின் எதிர்பார்ப்புகளின் தொகுப்புதான் என்று வாதிடுகிறார். இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக் கொல்லிமலையைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு.

குறுந்தொகையின் 89-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். பரணர் பாடியது. ஏழே அடி. ஒரு பெண் அகன்ற உரலில் குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். அதை அயலார் கூடிப் பேசுகிறார்கள். அறிவில்லாத இந்த ஊர் பேசுவதற்காக வருந்துவானேன் என்கிறாள் தோழி. பிறகு, பொறையனுடைய அச்சம் நிறைந்த கொல்லிமலையில் தெய்வம் எழுதிய பாவையைப் போன்றவள் இவள் என்கிறாள். அவ்வளவுதான். அவள் பாட்டில் யாரைப் பற்றிப் பாடினாள்? ஊர் என்ன பேசியது? காதல் எப்போது தொடங்கியது? பாட்டு எதையும் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் பாட்டுக்கு வெளியே நடந்து முடிந்துவிட்டது அல்லது இனிமேல் நடக்கப்போகிறது. நாம் பார்ப்பது உலக்கை விழும் நேரத்தை மட்டும்.

திணை என்ன, துறை என்ன, பேசுவது யார் என்று தெரிந்த கேட்பவர் அந்த வெளியை நொடியில் நிரப்பிக்கொள்வார். இன்னொன்றும் இருக்கிறது. பாவை கொல்லக்கூடியது என்று அறிந்தவருக்கு, மென்மையான இளம்பெண் என்று தோழி சொல்லும்போதே கூடவே ஒரு நடுக்கமும் கேட்கும். அச்சம் நிறைந்த கொல்லி என்று புலவர் அடைமொழி வைத்தது வீணுக்கு இல்லை. வம்பு பேசும் ஊர் எதன் அருகே நின்று பேசுகிறது என்று அந்தச் சொல் எச்சரிப்பதாக நான் வாசிக்கிறேன். கதையை அறியாதவருக்கு இது அழகுக்கு ஓர் உவமை, அறிந்தவருக்கு இது ஒரு கதையின் திருப்பம். ஒரே ஏழு அடியில் இரண்டும் நடக்கின்றன.

இதே மலையின் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றிய புறநானூற்று 152-ஆம் பாடல் இன்னும் வியப்பானது. வன்பரணர் பாடியது. தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய, முழுமையான குறுங்கதைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஒரு வேட்டுவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இதைப் பார்த்த பாணர் கூட்டம் வியந்து நிற்கிறது. கூலிக்குக் கொல்பவன் போல இல்லையே, மார்பில் ஆரம் இருக்கிறதே, ஒருவேளை இவன்தான் ஓரியோ, இல்லையோ என்று தலைவர் தமக்குள் யோசிக்கிறார். விறலியரை அழைத்து, தாம் பாடப்போவதாகச் சொல்லி இசைக்கருவிகளை அமைக்கச் சொல்கிறார். முழவு, யாழ் எல்லாம் முழங்குகின்றன. பாடி முடித்து அரசனுக்குரிய விளியைச் சொன்னதும் அந்த வேட்டுவன் நாணிவிடுகிறான். பிறகு சுடச்சுட மான் இறைச்சியும் மதுவும் தருகிறான். தன் மலையின் பொன்னையும் மணியையும் காட்டிலேயே அள்ளிக் கொடுக்கிறான்.

பட்டறைக் கணக்கில் இது ஆள் யாரென்று மறைத்து, கடைசியில் வெளிப்படுத்தும் கதை. அப்படி எழுதியிருந்தால் ஓரியின் பெயர் நடுவில் வந்திருக்கக்கூடாது. புலவர் தொடக்கத்திலேயே வல்வில் என்று சொல்லிவிடுகிறார். பாதியில் ஓரியின் பெயரையே சந்தேகமாகப் போட்டு உடைக்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவைக்கு முதல் சில அடிகளிலேயே ஆள் யாரென்று தெரிந்துபோயிருக்கும். அந்த அவை காத்திருந்தது பாணர்கள் எப்போது கண்டுகொள்வார்கள், கண்டுகொண்டதும் ஓரி என்ன செய்வான் என்பதற்காக. புகழ்ச்சியைக் கேட்டு நாணும் ஒரு வீரனைக் காட்டுவதற்காக முழுப் பாட்டும் கட்டப்பட்டிருக்கிறது. அம்பு ஐந்து உயிர்களைத் துளைத்தது தொடக்கத்திலேயே முடிந்துபோகிறது. ஃப்ரைடாக்கின் உச்சத்தை இங்கே தேடினால் முதல் சில அடிகளோடு கதை தீர்ந்துவிட்டது என்று தவறாக நினைப்போம்.

ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூறு 209 சொல்கிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆண்டுதோறும் ஆடியில் விழாவும் நடக்கிறது. அவன் எப்படி முடிந்தான் என்பதை அறிந்தவர்கள்தான் அவன் நாணியதைக் கொண்டாடுகிறார்கள்.

நெடுங்கதைக்கு வந்தால், சிலப்பதிகாரத்தைப் போல இந்த உத்தியை முழு வலிமையோடு பயன்படுத்திய நூல் நம்மிடம் இல்லை. பதிகம் பிற்காலத்தது என்ற கருத்து ஆய்வாளர்களிடையே உண்டு. அதை ஒத்துக்கொண்டாலும், நமக்குக் கிடைத்திருக்கும் வடிவத்தில் நூலைத் திறந்தவுடன் கதை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. அதைக் கொண்டுவருகிறவர்கள் மலைக்குறவர்கள். ஒரு முலை இழந்த பெண் வேங்கை மரத்தடியில் நின்றாள், தேவர்கள் வந்து அவள் கணவனைக் காட்டி, அவளை வானுக்கு அழைத்துப் போனார்கள், அவள் யாரோ எமக்குத் தெரியாது என்று இளங்கோவிடம் சொல்கிறார்கள். கூடவே இருக்கும் சாத்தனார், எனக்குத் தெரியும் என்று காரணத்தைச் சொல்கிறார். கண்டவர்களுக்குக் காரணம் தெரியாது. காரணம் அறிந்தவர் அதைக் கண்ணால் கண்டவர் இல்லை. இந்த இரண்டு அரைகுறை அறிவுகள் சந்திக்கும் இடத்தில் காப்பியம் பிறக்கிறது.

வஞ்சிக் காண்டத்தின் தொடக்கத்தில் அதே நிகழ்ச்சி திரும்ப வருகிறது. குன்றக்குரவையில் குறவர்கள் அவளைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள், பிறகு செங்குட்டுவனிடம் போய்ச் சொல்கிறார்கள். ஆக, மலைமக்களின் சாட்சி நூலின் வாசலிலும் இருக்கிறது, மூன்றாம் காண்டத்தின் வாசலிலும் இருக்கிறது.

காதைகளின் கணக்கைப் பாருங்கள். புகாருக்குப் 10, மதுரைக்கு 13, வஞ்சிக்கு 7. மதுரைக் காண்டம் முடிந்த பிறகும் முப்பதில் ஏழு காதைகள் மீதம் இருக்கின்றன. முக்கோணத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள் வஞ்சிக் காண்டத்தை நீண்டுபோன பின்னொட்டு என்று எண்ணிவிடுகிறார்கள். கல்லூரியில் படித்த காலத்தில் கண்ணகி மதுரையை எரித்ததோடு கதை முடிந்தது என்று பாடம் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். கோவலன் கொல்லப்பட்டதற்கு முற்பிறப்புக் காரணத்தை மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்வதும் கட்டுரை காதையில், ஊர் எரிந்த பிறகுதான். விளைவு முதலில், காரணம் கடைசியில். கல் எடுத்துக் கோயில் கட்டி, அழுதவர்களும் ஆண்டவர்களும் அந்தக் கல் முன்னால் வந்து நிற்கும்வரை காப்பியம் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பெண் எப்படித் தெய்வமானாள் என்ற கேள்வியோடு உட்கார்ந்தவர்களுக்கு வஞ்சிக் காண்டம்தான் கதையின் மையம்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ஏற்றமும் உச்சமும் முடிவும் கொண்ட கட்டுமானம் நம்மிடம் இல்லாமல் இல்லை. நாட்டிய சாத்திரம் ஐந்து சந்திகளைப் பேசுகிறது. சிலம்புக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் அவற்றை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று தமிழில் விளக்குகிறார். கிரேக்கத்திலும், ஈடிபஸின் கதையைப் பார்க்க வந்தவர்களுக்கு அவன் முடிவு நன்றாகவே தெரியும். எனவே மேற்கு ஒரு கட்சி, நாம் எதிர்க்கட்சி என்று பிரித்துக்கொண்டு படிப்பது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

ஆனால் அடியார்க்குநல்லார் தரும் விளக்கத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். அவருடைய ஐந்து சந்திகளும் ஒரு பயிரின் ஐந்து நிலைகள். உழுத நிலத்தில் இட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கதிர் உள்ளே பொதிந்து கருவாய் இருப்பது கருப்பம். கதிர் வெளிவந்து முற்றுவது விளைவு. அறுத்து, போர் அடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்த கொல்லிமலையில் இந்த விளக்கத்தைச் சொன்னால் யாருக்கும் உரை தேவைப்படாது. ஃப்ரைடாக்கின் ஐந்தாம் பகுதி நாயகனுக்கு நேரும் பேரழிவு. அடியார்க்குநல்லாரின் ஐந்தாம் சந்தி உண்பது. உண்கிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கதைக்கு உள்ளே இருக்கும் பாத்திரம் மட்டும்தானா? வாய்மொழிக் காவியத்தின் பக்கம் போனால் இதற்குத் தெளிவான பதில் கிடைக்கிறது.

கொல்லிமலைக்கு மேற்கே விரியும் கொங்குநாட்டின் பெருங்கதை அண்ணன்மார் சாமி கதை. உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படுவது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கயம் வட்டாரத்தில் தங்கி இதை ஒலிப்பதிவு செய்தார். 1982-ல் இதைப் பற்றிய ஆய்வு நூலும், 1992-ல் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பும் அவரால் வெளிவந்தன. பொன்னரும் சங்கரும் நாயகர்கள் என்கிறோம், ஆனால் கதை அவர்களுடைய முன்னோரிடம் தொடங்குகிறது. தந்தை குன்னுடையாக் கவுண்டரின் பாடு, தாய் தாமரை பிள்ளைவரம் வேண்டிச் செய்யும் நீண்ட தவம் என்று ஒரு பெரும்பகுதி போன பிறகே நாயகர்கள் பிறக்கிறார்கள். கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வீழ்த்தப் பெரிய பட்டாளம் புறப்படுகிறது. காரியத்தை முடிக்க உதவுவது அவர்கள் கவனிக்காமல் விட்டுவந்த பொன்னாச்சி என்ற சிறு பெண்நாய். இறுதியில் அண்ணன்மார் இருவரும் மாள்கிறார்கள். தங்கை தங்காள் காட்டில் தேடி வந்து அவர்களை எழுப்புகிறாள். எழுந்து, பேசி, விடைபெற்றுப் போகிறார்கள்.

அண்ணன்மார் மாள்வார்கள் என்பதை அறியாத ஒருவர்கூடக் கேட்கும் கூட்டத்தில் இருக்கமாட்டார். வீரப்பூரில் மாசியில் விழா நடக்கிறது. படுகளம் என்ற சடங்கில் பக்தர்கள் மாண்டவர்களாகக் கீழே விழுந்து கிடப்பார்கள், பிறகு எழுப்பப்படுவார்கள். கதை கேட்டவர் கதைக்குள் விழுந்து எழுகிறார். துய்த்தல் என்பதன் பொருள் இங்கே கண்முன் நிகழ்கிறது. தெற்கே வில்லுப்பாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. அநியாயமாகச் செத்தவரின் கதை சாவை நெருங்கும்போது சாமியாடிக்கு அருள் வருகிறது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் வெளியிட்ட நூல் இதை விரிவாகப் பேசுகிறது. சாவு எப்போது வரும் என்று தெரியாவிட்டால் அருளுக்குத் தயாராக நிற்பது எப்படி? தெரிந்திருப்பதுதான் அங்கே கதையை உயிரோடு வைத்திருக்கிறது.

இப்படிப்பட்ட கதையை நவீன நாவல் கையில் எடுக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கும் கொங்கிலேயே சான்று உண்டு. மு. கருணாநிதி இந்தக் கதையைப் ‘பொன்னர் சங்கர்’ என்ற நாவலாக எழுதினார். அது 2011-ல் திரைப்படமாகவும் வந்தது. தெய்வ அற்புதங்களை விலக்கி, மனிதர்களின் வீரமும் பகையும் சூழ்ச்சியும் நிறைந்த வரலாற்று நாவலாக அதை அமைத்தார். அவருடைய பகுத்தறிவு நோக்குக்கு அது நேர்மையான முடிவு. எழுத்தின் கண்ணோடு பார்த்தால், அற்புதத்தோடு சேர்த்துத் தங்காள் எழுப்பும் காட்சியின் வேலையும் போய்விடுகிறது. தெரிந்த கதை, தெரியாத கதைபோலச் சொல்லப்படுகிறது. நிகழ்ச்சிகள் அத்தனையும் இருந்தும் அமைப்பு மாறிவிட்டது என்பது என் மதிப்பீடு.

கி. ராஜநாராயணன் 1976-ல் ‘கோபல்ல கிராமம்’ எழுதியபோது வேறு வழியில் போனார். தெலுங்கு நாட்டிலிருந்து பெயர்ந்து வந்த கதையை நூறு வயது தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிறாள், வீட்டார் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு அது குடும்பத்தின் பழைய கதை. நமக்கு அது புதுக்கதை. தெரிந்தவர்களை நாவலுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டதால், தெரியாத நாமும் அவர்கள் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்கிறோம்.

பெயர்ந்து வந்த கதை கொல்லிமலைக்கும் உண்டு. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில். மூன்று சகோதரர்கள் என்பது பொதுவாக வருகிறது. யார் எந்த மலைக்குப் போனார், சேர்வராயன் யாருக்கு, கொல்லி யாருக்கு, பச்சைமலை யாருக்கு என்பதில் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. ஆவணம் தேடுகிறவருக்கு இது தலைவலி. புனைகதை எழுதுகிறவருக்குப் பெரிய பாடம். ஒவ்வொரு மலையும் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது மற்ற இரண்டு மலைகளின் கதையும் கேட்பவருக்குத் தெரிந்தே இருக்கிறது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

இதே நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ (2010), நாயகன் காளி உயிரோடு இருந்தானா இல்லையா என்று உறுதியாகாமல் முடிகிறது. பிறகு ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு தொடர் நாவல்கள் வந்தன. ஒன்றில் காளி இறந்துவிட்டான், மற்றொன்றில் இருக்கிறான். இதை மேற்கத்தியப் பின்நவீனத்துவ விளையாட்டு என்று வகைப்படுத்துவது எளிது. மூன்று மலைக்கும் மூன்று விதமாகச் சொல்லிப் பழகிய மண்ணில் இதற்கு நெடுங்காலமாகவே இடம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆசிரியர் அப்படி எண்ணி எழுதினாரா என்பது வேறு கேள்வி.

இனி எழுதுகிறவரின் மேசைக்கு வருவோம். இங்கே உண்மையான கடினம் ஒன்று இருக்கிறது. இதழில் கதை படிக்கிறவர் ஊர்க்கூட்டம் இல்லை. அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவருக்குச் சொல்லும் கதையைத் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது?

இந்தச் சிக்கல் நம் முன்னோர்க்கும் வந்தது. அகப்பாடல்களின் அடியில், இன்னார் இன்னாருக்கு இன்ன சூழலில் சொன்னது என்ற குறிப்புகளைப் பார்க்கிறோம். பாடல்களைத் தொகுத்த காலத்திலோ அதற்குப் பின்னரோ சேர்க்கப்பட்டவை அவை. கேட்பவர்கள் அந்நியராகத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அந்தக் குறிப்புகளே அடையாளம். அவற்றில் அடிக்கடி வரும் சூழல் ஒன்று உண்டு. தலைவன் வேலிக்கு வெளியே நிற்கிறான், தோழி தலைவியிடம் பேசுவது போல அவன் காதில் விழும்படி பேசுகிறாள். சிறைப்புறம் என்பார்கள். கதையை மூன்றாவது ஆளின் காதுக்காகச் சொல்லும் இந்த ஏற்பாட்டைக் கடன் வாங்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: வாசலூர்பட்டியிலிருந்து ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். அங்கே வேறொரு குடும்பம் அமைத்துக்கொள்கிறான். பட்டறை முறையில் எழுதினால் முதல் பத்தியில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். மனைவி சந்தேகப்படுவாள், பேருந்து ஏறிப் போவாள், கதவைத் தட்டுவாள், கதவைத் திறப்பது யார் என்பதில் கதை முடியும். இது எழுதக்கூடிய கதைதான். எழுதியும் தள்ளிவிட்டோம்.

மலையின் முறையில் எழுதிப் பாருங்கள். களத்தில் மிளகு காய்கிறது. மனைவியும் நாத்தனாரும் காம்பு ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். மாமியார் உள்ளே படுத்திருக்கிறாள். ஊருக்கே விஷயம் தெரியும், மனைவிக்கும் தெரியும். மாமியாருக்குத் தெரியுமா என்பது இவர்களுக்குத் தெரியாது. “ஏண்டி, சில்வர் ஓக்குல ஏத்துன கொடி மரத்த விட்டுட்டா வெறுந்தரையில படருமா?” என்று நாத்தனார் கொஞ்சம் சத்தமாகவே கேட்கிறாள். பேச்சு மிளகைப் பற்றித்தான். உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. அடுத்த வியாபாரி வருவதற்குள் மூட்டை கட்ட வேண்டும், இருவரும் வேலையைத் தொடர்கிறார்கள். திருப்பூருக்கு யாரும் போகவில்லை, கதவு தட்டப்படவில்லை. வாசகர் இரண்டாம் பக்கத்துக்குள் ஊராரில் ஒருவராகிவிடுவார். அதன் பிறகு அவர் காத்திருப்பது அந்தக் கிழவி என்ன சொல்லப்போகிறாள் என்பதற்காக. ஓரி நாணுவதற்காகக் காத்திருந்த அவையைப் போன்ற காத்திருப்பு இது.

இதைச் செய்ய வாசகரைச் சீக்கிரம் ஊருக்குள் கொண்டுவரும் திறமை வேண்டும். பதிகம் போல முதல் பத்தியிலேயே முழுவதையும் சொல்லிவிடலாம். கி.ரா. போலக் கேட்பவர்களைக் கதைக்குள் வைக்கலாம். எதைச் செய்தாலும் வாசகரிடம் எதை மறைப்பது என்பதைவிட, எதை முதலிலேயே கொடுத்துவிடுவது என்று யோசிக்கும் பழக்கம் தேவை. எனக்குத் தெரிந்தவரை இளம் எழுத்தாளர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தப் பழக்கம்தான், ஏனென்றால் கடைசி வரியின் அதிர்ச்சியை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாய்மொழிக் கதைகளை அச்சில் படிப்பதோடு நின்றுவிடவும் கூடாது. அச்சில் கதைச்சுருக்கம் மட்டும் மிஞ்சுகிறது. எங்கே பாடகர் நிறுத்தினார், எங்கே கூட்டம் ‘ஊம்’ கொட்டியது, எந்த இடத்தில் தேங்காய் உடைத்தார்கள் என்பதெல்லாம் அமைப்பின் பகுதிகள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் உழைத்திருக்கின்றன. இத்தகைய நிறுவனங்களின் ஒலிப்பதிவுகளைப் புனைகதை எழுத்தாளர்களும் போய்க் கேட்க வேண்டும், நிறுவனங்களும் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

கொல்லிமலையின் கதைகளைத் தேடிப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரவள்ளி வந்து சாமை சுருங்கியதுபோல, சாமை குற்றும் பாட்டுக்கான நேரமும் சுருங்கியிருக்கிறது. ஆகவே அரை மணி நேரத்தில் கைபேசியில் பதிவு செய்துகொண்டு இறங்கிவிடாதீர்கள். சில கதைகள் குறிப்பிட்ட சாமிக்கு முன்னால், குறிப்பிட்ட நாளில் மட்டும் சொல்லத்தக்கவை. அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொண்டு விட்டுவிடுங்கள். ஒரே கதையை வேறு ஊரில் வேறு மாதிரி சொன்னால் திருத்தாமல் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கதை சொன்னவர் விரும்பினால் அவர் பெயரை அச்சிடுங்கள், விரும்பாவிட்டால் ஊரின் பெயரையாவது போடுங்கள். உங்கள் கதை வெளிவந்த பிறகு இதழை எடுத்துக்கொண்டு மலையேறி, யாரிடம் கேட்டீர்களோ அவர்கள் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கதை தெரிந்தவர்கள் அவர்கள்தான், எங்கே பிசகியிருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.